இறுகிய களிமண்ணின் வலிமையும் வரம்பும்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் 'சமதரை' என்பது பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அவ்வூரின் நடுப்பகுதிக்கு அப்பெயர் பொருந்தும். ஆனால் ஊரைவிட்டு எத்திசையில் புறப்பட்டாலும் சிறிது தொலைவிலேயே சமதரை முடிந்து சரிவு தொடங்கிவிடுகிறது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த இடங்களிலேயே அமைந்துள்ளன. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னாலும் ஒரு மண்கரை நிற்கிறது. அக்கரை எதனால் நிற்கிறது? எத்தனை காலம் நிற்கும்? எப்பொழுது விழும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது தேயிலைத் தோட்டத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிற் பல குன்றுப் பாங்கான நிலங்களில் அமைந்தவை. லயத்து வீடுகளின் பின்புறம் ஆள் உயரத்திற்கும் அதற்கு மேலும் வெட்டப்பட்ட மண்கரைகள் பல தோட்டங்களில் உண்டு. மழை நாளில் பால்வெட்டு நடைபெறுவதில்லை. குடும்பத்தார் யாவரும் வீட்டில் இருப்பர். மண்கரை மிகவும் வலுவிழந்திருக்கும் நேரமும் அதுவே. ஆகவே, இம்மண்ணின் இயல்பை அறிந்துகொள்வது உயிரைக் காத்துக்கொள்ளும் அறிவாகும்.

கல் மண்ணான கதை

மேற்கு மலேசியாவின் முதுகெலும்பு போல் விளங்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்லக் குளிர்ந்து இறுகியதே இக்கருங்கல். கேமரன் மலையிலும் இதுவே மிகுதி. சில இடங்களில் சிஸ்ட் எனப்படும் ஏடு ஏடான பாறையும் உண்டு.

வெப்பமும் ஓயாத மழையும் உள்ள நம் நாட்டில் கருங்கல் நிலைத்து நிற்பதில்லை. மழைநீர் பாறையின் வெடிப்புகளுள் இறங்கி, அதிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தை மெல்ல மாற்றிக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் என்னும் கனிமம் மட்டும் மாறாமல் மணலாகத் தங்கிவிடுகிறது. இரும்புச் சத்து துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுகிறது. இவ்வாறு பாறை இருந்த இடத்திலேயே உண்டாகும் மண், சில இடங்களில் 30 மீட்டருக்கு மேலும் ஆழமாக இறங்கியிருக்கும். அம்மண்ணின் நடுவே இன்னும் மக்காத உருண்டைப் பாறைகள் புதைந்து கிடப்பதும் உண்டு.

இம்மண்ணில் மிகுந்திருக்கும் களிமண் வகைக்குக் கயோலினைட் என்று பெயர். தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை தொடங்கும் தாப்பா, அதனை அடுத்த பீடோர் ஆகிய வட்டாரங்களில் இதன் தூய வெண்ணிற வகை நெடுங்காலமாகத் தோண்டி எடுக்கப்பட்டு வந்துள்ளது. பீங்கான், காகிதம் ஆகியவை செய்ய அது பயன்படுகிறது.

நம் முன்னோர் தமிழ்நாட்டில் கண்ட கரிசல் மண் வேறு வகையைச் சேர்ந்தது. மழையில் அது உப்பும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கயோலினைட் அவ்வாறு பெரிதாக உப்புவதில்லை, வெடிப்பதும் குறைவு. அதனால் நம் மலைகளின் செம்மண் பார்வைக்கு அமைதியானதாகவும் உறுதியானதாகவும் தோன்றுகிறது. அந்தத் தோற்றமே மனிதனை ஏமாற்றக்கூடியது.

பெருவிரல் சோதனை

மண் எவ்வளவு கெட்டியானது என்பதை அறியப் பொறியாளர்கள் பலவகைக் கருவிகளைக் கையாளுகின்றனர். எனினும், அவர்கள் பாடநூல்களிலேயே இடம்பெற்றுள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்குத் தேவையானது நம் பெருவிரல் மட்டுமே.

களிமண்ணில் பெருவிரலை அழுத்தினால் எளிதாக உள்ளே போய்விடுமாயின் அது மெத்தென்ற களிமண். ஓரளவு முயன்றால் உள்ளே போகுமாயின் நடுத்தரமானது. விரல் பதிந்து பள்ளம் விழுகிறது, ஆனால் உள்ளே செலுத்த மிகுந்த பலம் வேண்டியிருக்கிறது என்றால், அதுவே இறுகிய களிமண். விரல் பதியாது நகம் மட்டும் பதியுமாயின் அது மிகவும் இறுகியது. நகமும் எளிதிற் பதியாவிட்டால் அது கடினக் களிமண் எனப்படும்.

இறுகிய களிமண்ணை ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட தூணாக வெட்டி, அதன் தலையில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஏறத்தாழ 10 முதல் 20 டன் வரை தாங்கிய பின்னரே அது நொறுங்கும். மெத்தென்ற களிமண்ணோ 5 டன்னுக்குள்ளாகவே பிதுங்கிவிடும். இறுகிய மண் எத்துணை வலிமையானது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வலிமையைக் கொண்டு கணக்கிட்டால், இறுகிய களிமண்ணில் 10 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாகக் கரை வெட்டினாலும் அது நிற்கும் என்று விடை கிடைக்கும். உண்மையில் அது நிற்கவும் செய்யும். ஆனால் அக்கணக்கு மண்ணை வெட்டிய நாளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டுகள் சென்ற பின்னர் நிலைமை வேறாகிவிடுகிறது. அது ஏன் என்பதை இனிக் காண்போம்.

வலிமையின் இரு கூறுகள்

மண் தானாக நசுங்கிப் போவதில்லை, சறுக்கியே உடைகிறது. ஒரு பகுதி மண் மற்றொரு பகுதியின்மேல் வழுக்கிச் செல்ல முயலும்பொழுது அதைத் தடுத்து நிறுத்தும் சக்தியே மண்ணின் வலிமை எனப்படும். அச்சக்தி இரண்டு கூறுகளை உடையது என்று பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான கூலோம் என்பவர் 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வுரையில் விளக்கினார்.

முதலாவது, ஒட்டுப்பிடிப்பு. மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடிப்பு இது. எவ்வளவு பாரம் மேலே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஓரளவு மாறாமல் இருக்கும்.

இரண்டாவது, உராய்வு. ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட இரு செங்கற்களை நினைத்துக்கொள்வோம். மேற்கல்லை விரலால் தள்ளினால் எளிதாக நகரும். அதன்மேல் இன்னும் 10 செங்கற்களை அடுக்கிவிட்டால் அதே கல்லை நகர்த்த முடியாது. அழுத்தம் மிகுந்தால் உராய்வும் மிகும். மண்துகள்களுக்கிடையேயும் இதுவே நடைபெறுகிறது.

உராய்வை மட்டும் நம்பி நிற்கும் மண்ணுக்கு ஒரு சாய்வு எல்லை உண்டு. காய்ந்த மணலைக் கொட்டினால் அது 30 முதல் 35 பாகைச் சாய்வுள்ள குவியலாக அமையும். அதைவிடச் செங்குத்தாக நிற்காது. கருங்கல்லிலிருந்து உண்டான நம் மலைமண்ணின் உராய்வுக் கோணமும் பெரும்பாலும் இதற்கு அண்மையிலேயே உள்ளது. ஆனால் சாலையோரங்களிலும் வீடுகளின் பின்னாலும் 50, 60, 70 பாகைச் சாய்வில் கரைகள் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்படியானால், உராய்வுக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று அவற்றைத் தாங்கி நிற்கிறது என்பது தெளிவு. அதன் ஒரு பகுதி ஒட்டுப்பிடிப்பு. மற்றொரு பகுதியை அறிய, நீர் செய்யும் வேலையை அறிய வேண்டும்.

நீர் செய்யும் இருவகை வேலை

போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மணலில் வீடு கட்ட இயலாது, சரிந்துவிடும். சிறிது ஈரமான மணலில் சுவரும் கோபுரமும் செங்குத்தாக நிற்கும். அலை வந்து நனைத்தவுடன் அனைத்தும் கரைந்து விழும். மணல் அதுவே, நீரின் அளவு மட்டுமே வேறு.

ஈரமான மண்ணில் துகள்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகளில் நீரும் காற்றும் கலந்து இருக்கின்றன. அப்பொழுது நீர், துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இதனை உறிஞ்சு பிடிப்பு எனலாம். செங்குத்தான கரையைத் தாங்கி நிற்கும் மறைமுகக் கை இதுவே.

மழை நீடித்து இடைவெளிகள் முற்றும் நீரால் நிறைந்தால் இப்பிடிப்பு மறைந்துவிடுகிறது. அத்துடன் நில்லாமல், நிலத்தடி நீர் உயரும்பொழுது அந்நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளவும் தொடங்குகிறது. கிணற்றில் மூழ்கியிருக்கும் வாளி இலேசாகத் தோன்றி, நீரைவிட்டு மேலே வந்ததும் கனப்பதை அறிவோம். அதுபோல, மேலே எவ்வளவு மண் பாரமாக இருந்தாலும், அப்பாரத்தில் ஒரு பகுதியை நீர் தானே ஏற்றுக்கொள்வதால் துகள்களுக்கிடையே உள்ள அழுத்தம் குறைந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும் என்பதை முன்னரே கண்டோம்.

மண்ணின் வலிமையைத் தீர்மானிப்பது மேலே உள்ள மொத்தப் பாரமன்று. அதிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்த பின்னர் எஞ்சும் பாரமே. இப்பேருண்மையை நிறுவியவர் ஆஸ்திரியப் பொறியாளரான கார்ல் டெர்சாகி. 1925ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலே இன்றைய மண்பொறியியலுக்கு அடிப்படையாக அமைந்தது.

நீரின் தீங்கு இவ்வளவோடு முடிவதில்லை. கரையின் தலைப்பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு அதில் நீர் நிரம்புவதாகக் கொள்வோம். வெடிப்பின் ஆழம் 2 மீட்டர் என்றால், அதிலுள்ள நீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 2 டன் விசையுடன் வெளிப்புறமாகத் தள்ளும். 10 மீட்டர் நீளமுள்ள கரையை 20 டன் விசை தள்ளுகிறது! வெடிப்பு ஓர் அங்குல அகலமே இருந்தாலும் இவ்விசை குறைவதில்லை. ஏனெனில் நீரின் அழுத்தம் அகலத்தைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. ஒரு சிறு வெடிப்பை மண்ணிட்டு மூடிவைப்பது எத்துணை பயனுள்ள செயல் என்பதை இதனால் உணரலாம்.

இருவகை மண், இருவகை அபாயம்

மெத்தென்ற களிமண்ணும் இறுகிய களிமண்ணும் அழுத்தத்தின்கீழ் நடந்துகொள்ளும் முறைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இது மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதியாகும்.

கிள்ளான், மூவார் போன்ற கரையோரப் பகுதிகளில் கடல் கொண்டுவந்து சேர்த்த மெத்தென்ற களிமண் ஆழமாகப் படிந்துள்ளது. அதன்மேல் மண்மேடு எழுப்பினால், பாரத்தை முதலில் ஏற்பது மண்துகள்களன்று, அவற்றிடையே சிக்கிய நீரே. அந்நீர் மெல்ல மெல்ல வெளியேறும். அது வெளியேறும் அளவுக்கு மண் அமிழ்ந்து, இறுகி, வலிமை பெறும். ஆகவே, மெத்தென்ற மண்ணின்மேல் மேடு எழுப்பும்பொழுது மிகவும் அபாயமான நேரம், மேடு எழுப்பி முடிக்கும் நேரமே. அந்நேரத்தைக் கடந்துவிட்டால் நாளாக ஆக நிலைமை சீர்படும். 1980ஆம் ஆண்டுகளில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார்ச் சமவெளியில் சோதனைக்காகவே மண்மேடுகளை எழுப்பிப் பார்த்தது. அவற்றுள் ஒன்றை, உடையும் வரை உயர்த்திக்கொண்டே சென்றனர். ஏறத்தாழ 5.4 மீட்டர் உயரத்தில் அது உடைந்தது. உலகின் பல நாட்டு அறிஞர்கள் அச்சோதனையை ஆராய்ந்தனர்.

இறுகிய களிமண்ணை வெட்டும்பொழுது நடப்பது இதற்கு நேர்மாறானது. இங்கே பாரம் ஏற்றப்படுவதில்லை, நீக்கப்படுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தப்பட்டிருந்த மண், பக்கத்து மண் நீக்கப்பட்டவுடன் விரிய முயல்கிறது. விரியும் மண் சுற்றிலுமுள்ள நீரை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. பஞ்சை அழுத்தி நீரினுள் வைத்துக் கையை எடுத்தால் அது நீரை இழுத்துக்கொள்வது போன்றது இது. இறுகிய களிமண்ணில் இயற்கையாகவே உள்ள நுண்ணிய வெடிப்புகள் வாய் திறக்கின்றன. அவ்வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி இருபுறத்து மண்ணையும் இளக்குகிறது. ஆகவே, வெட்டிய நாளில் மிகுந்த வலிமையோடு நின்ற கரை, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வலுவிழந்துகொண்டே போகிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று இங்கிலாந்தில் உண்டு. லண்டன் மாநகரின் கீழேயுள்ள இறுகிய களிமண்ணில் நார்த்தோல்ட் என்னுமிடத்தில் இரயில் பாதைக்காக 1936ஆம் ஆண்டில் சரிவு வெட்டப்பட்டது. அது 19 ஆண்டுகள் அசையாமல் நின்று, 1955ஆம் ஆண்டில் சரிந்தது. சட்பரி ஹில் என்னுமிடத்திலோ, 1900ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட சரிவு 49 ஆண்டுகள் கழித்து விழுந்தது. இவற்றை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்கெம்ப்டன், 1964ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில் இவ்வுண்மைகளை விளக்கினார்.

நம் மலைமண் லண்டன் களிமண் போன்று கடலடிப் படிவாக உண்டாகி இறுகியதன்று. பாறை மக்கி உண்டானது. அதில் மணலும் கலந்திருப்பதால் நீர் விரைவாக இறங்கும். அதனால் இங்கே பல ஆண்டுகள் காத்திருக்கவும் தேவையில்லை; சில நாள் அடைமழையே போதும். மேலும், பழைய பாறையில் இருந்த வெடிப்புகள் அது மண்ணான பின்னரும் கோடுகளாக உள்ளே தங்கியிருக்கின்றன. கரை அக்கோடுகளின் வழியாகவே பெயர்ந்து விழுவதுண்டு. ஆனால் அடிப்படைப் பாடம் ஒன்றே: "என் தந்தையார் காலத்திலிருந்து நிற்கும் கரை இது, இனியா விழப்போகிறது?" என்று கேட்பது தவறு. நெடுங்காலம் நின்ற கரை என்பது, நெடுங்காலமாக வலுவிழந்துவரும் கரை என்றும் பொருள்படும்.

ஒரு முறை சறுக்கிய மண்

இறுகிய களிமண்ணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதைச் சறுக்கச் செய்தால், தொடக்கத்தில் மிகுந்த எதிர்ப்பைக் காட்டும். அந்த உச்ச வலிமையைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பு விரைந்து குறையும். களிமண்ணின் துகள்கள் நுண்ணிய தட்டுகளைப் போன்றவை. சறுக்கும் இடத்தில் அத்தட்டுகள் யாவும் ஒரே திசையில் படிந்து, மெழுகிய தரைபோல் வழுவழுப்பாகிவிடுகின்றன. லண்டன் களிமண்ணில் ஏறத்தாழ 20 பாகையாக இருந்த உராய்வுக் கோணம் இவ்வாறு 16 பாகையாகக் குறைவதையும், ஒட்டுப்பிடிப்பு முற்றிலும் மறைந்துவிடுவதையும் ஸ்கெம்ப்டன் கண்டார்.

இதிலிருந்து நாம் பெறும் அறிவு யாது? முன்னர்ச் சரிந்த இடம் மீண்டும் சரிவது எளிது. விழுந்த மண்ணை அள்ளிவிட்டு, "விழ வேண்டியது விழுந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று அதன் அடியிலேயே குடியிருப்பது அறிவுடைமையாகாது.

கேமரன் மலை தரும் பாடங்கள்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929ஆம் ஆண்டில் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை வந்த பின்னர் மலை வெகுவாக மாறியது. தேயிலைச் செடிகள் நெருக்கமாகப் படர்ந்து நிலத்தை மூடுவதால், நன்கு பேணப்படும் தேயிலைச் சரிவில் மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதில்லை. ஆனால் சாலைக்கும் வீட்டுக்கும் காய்கறிப் பயிருக்குமாக வெட்டப்படும் இடங்களில் இப்போர்வை இல்லை.

1961ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ரிங்லெட்டில் ஏற்பட்ட நிலச்சரிவில் 16 பேர் உயிரிழந்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கடும் மழையையடுத்து சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபொழுது பெர்த்தாம் பள்ளத்தாக்கைச் சேற்று வெள்ளம் தாக்கி உயிர்ச்சேதம் விளைந்தது. மேட்டு நிலங்களிலிருந்து அடித்துவரப்பட்ட மண் ஆண்டாண்டாக அணைநீர்த் தேக்கத்தில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்திருந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் நள்ளிரவுக்குப் பின் சரிந்த மண், மியன்மாரைச் சேர்ந்த 5 தொழிலாளர்களை அவர்கள் தங்கியிருந்த இடத்திலேயே புதைத்தது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். நம் பாட்டன் பாட்டிமாரும் அவ்வாறு வந்தவர்களே.

மலைநாட்டுக்கு வெளியேயும் இத்துயரங்கள் நேர்ந்துள்ளன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஊலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று, பின்புறச் சரிவு இடிந்ததால் சாய்ந்து 48 பேர் மாண்டனர். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியை அடுத்த முகாம் ஒன்றில் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது மண் சரிந்து 31 பேர் உயிர் நீத்தனர்.

ரப்பர்த் தோட்டங்களில்

கருங்கல்லிலிருந்து உண்டான மண்ணை நம் நாட்டு மண்ணியலார் ரெங்கம் மண்வகை என்று குறிப்பிடுவர். ரப்பர் மரம் செழித்து வளரும் மண்வகைகளுள் இதுவும் ஒன்று. ஆகவே, தானா ராத்தா மண்ணின் குணம் ரப்பர்த் தோட்டத்தாருக்குப் புதிதன்று.

வளர்ந்த ரப்பர் மரத்தின் ஆணிவேரும் பக்கவேர்களும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. மறுநடவுக்காகப் பழைய மரங்களை வீழ்த்தியவுடன் இவ்விரு பாதுகாப்புகளும் நீங்கிவிடும். பழைய வேர்கள் மக்கி, புதிய வேர்கள் ஆழமாக இறங்கும் வரையுள்ள சில ஆண்டுகள் சரிவுக்குச் சோதனைக் காலமாகும். இக்காலத்தில் புயுரேரியா, கலப்பகோனியம் போன்ற மூடுபயிர்க் கொடிகளை வளர்ப்பதும், மலைச்சரிவைப் படித்தளங்களாக வெட்டி, ஒவ்வொரு தளத்தையும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்த்து வைப்பதும், நீர் தேங்கி மண்ணைப் படியவைக்கும் குழிகளைத் தோண்டுவதும் இதனாலேயே.

மற்றொரு நண்பனையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தமிழர் நன்கறிந்த வெட்டிவேர், தன் தமிழ்ப் பெயராலேயே இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கி 2, 3 மீட்டர் ஆழம் வரை செல்லும். மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன் 1990ஆம் ஆண்டையொட்டி இதனை ஆராய்ந்து எழுதிய அறிக்கை பல நாடுகளில் பயன்பட்டது. எனினும், வெட்டிவேர் மேல்மண்ணைத்தான் காக்கும். ஆழத்தில் தொடங்கும் பெருஞ்சரிவை அதனால் தடுக்க இயலாது.

அபாயத்தின் அறிகுறிகள்

மண்கரை பெரும்பாலும் எச்சரித்த பின்னரே விழுகிறது. அவ்வெச்சரிக்கையை அறிந்துகொள்ளும் கண் நமக்கு வேண்டும்.

1. கரையின் மேற்புறத்தில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தோன்றுதல்.

2. மரங்கள், வேலிக்கம்பங்கள், மின்கம்பங்கள் முன்பிருந்ததைவிடச் சாய்தல்.

3. கரையின் அடிப்பகுதி வீங்கி வெளியே தள்ளுதல்.

4. முன்னர் இல்லாத இடத்தில் நீர் கசிதல். தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருதல். ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நின்றுபோதல்.

5. சிறு மண்கட்டிகளும் கற்களும் அடிக்கடி உதிர்தல்.

6. வீட்டுச் சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு; கதவும் சன்னலும் இறுகி மூட முடியாமற் போதல்.

மழைக்காலத்தில் இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினும் அவ்வீட்டில் உறங்கலாகாது. குழந்தைகளையும் முதியோரையும் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். பொருளை எடுக்கத் திரும்பிச் செல்லக் கூடாது. 3 மீட்டர் உயரமும் 10 மீட்டர் நீளமும் உள்ள கரையில், தலைப்பகுதியில் ஒன்றரை மீட்டர் அகலத்திற்குப் பெயர்ந்து விழும் மண்ணின் எடை மட்டும் ஏறத்தாழ 40 டன். பலகைச் சுவரோ செங்கற்சுவரோ அதைத் தாங்காது. கரை சரிந்துவிட்டால் 999 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழி உடனே அறிவிக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

கரையின் அடியை வெட்டக் கூடாது. சமையற்கட்டை விரிவாக்கவும் கோழிக்கூடு வைக்கவும் ஓர் அடி மண்ணை வெட்டுவது சிறு வேலையாகத் தோன்றும். ஆனால் கரை முழுவதும் காலூன்றி நிற்கும் இடம் அதுவே.

கரையின் தலையில் பாரம் ஏற்றக் கூடாது. வெட்டியெடுத்த மண்ணையும் குப்பையையும் அங்கே குவிப்பதைத் தவிர்க்க வேண்டும். இறுக்கப்படாத மண் முதல் மழையிலேயே சேறாகும்.

நீரைக் கரையிடம் அண்டவிடக் கூடாது. மேற்புறத்தில் கால்வாய் எடுத்து, மழைநீரை வேறிடத்திற்குத் திருப்ப வேண்டும். குளியலறை நீர், கூரைநீர், ஒழுகும் நீர்த்தொட்டி, உடைந்த குழாய் ஆகியவை மழையற்ற நாளிலும் கரையை நனைத்துக்கொண்டே இருக்கும். கால்வாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால், கால்வாய் இல்லாமையைவிட அது கேடு. ஏனெனில் நீர் முழுவதும் ஒரே இடத்தில் வழிந்து இறங்கும். ஆகவே, மாதம் ஒரு முறையேனும் துப்புரவு செய்தல் வேண்டும்.

வெடிப்பு கண்டால் களிமண்ணை இட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இட வேண்டும். இது தற்காலிக உதவியே. வெடிப்பின் இரு புறமும் இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றிடையேயுள்ள தூரத்தை நாள்தோறும் அளந்து எழுதி வரலாம். தூரம் கூடிக்கொண்டே போனால் கரை நகர்கிறது என்பது உறுதி. அந்த அளவுக்குறிப்பை நிர்வாகத்திடம் கொடுத்தால், வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு மிகுதி.

தோட்ட வீடுகளைத் தக்க நிலையில் வைத்திருக்க வேண்டிய கடமையை, 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டமாகிய 446ஆம் சட்டம் முதலாளிமார்மீது வைத்துள்ளது. எனவே, ஆபத்தான கரையைப் பற்றி எழுத்து மூலம் தெரிவிப்பது தொழிலாளரின் உரிமை. அது குறைகூறுதல் ஆகாது. நிர்வாகத்திடமும், தொழிற்சங்கக் கிளையின் வழியாகவும், மாவட்ட அலுவலகத்திலும் தெரிவிக்கலாம். பெரிய கரைகளுக்குத் தடுப்புச்சுவர் எழுப்புதல், கரையினுள் வடிகுழாய் செலுத்துதல் ஆகியவை பயிற்சி பெற்ற பொறியாளரின் வேலை. வடிகுழாய் இல்லாத தடுப்புச்சுவர் நீரைப் பின்னால் அடைத்து வைத்துத் தானும் விழுந்து, மண்ணையும் வீழ்த்தும்.

இறுகிய களிமண் வலிமையற்றதன்று. நம் வீடுகளையும் சாலைகளையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்பது அதுவே. ஆனால் அதன் வலிமை என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. வெட்டினால் குறையும், நனைந்தால் குறையும், ஒரு முறை சறுக்கினால் மீளாமலே குறையும். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன், ஒரு விடுமுறை நாளில் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, லயத்தின் பின்புறக் கரையின் மேலும் கீழும் ஒரு முறை நடந்து பாருங்கள். வெடிப்பு உண்டா, கால்வாய் ஓடுகிறதா, கரையின் அடி வெட்டப்பட்டிருக்கிறதா என்னும் மூன்றை மட்டும் கவனித்தாலும் போதும். அரை மணி நேர வேலை அது. அதனால் காக்கப்படுவது, அக்கரையின் அடியில் உறங்கும் ஒவ்வொருவரின் உயிருமாகும்.